சர்க்கரையும் சஞ்சலமும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வரும் சர்க்கரை நோயாளிகளில் ஒரு தனி ரகம் உண்டு. வருவதற்கு முந்தைய வாரம் மட்டும் கடும் பத்தியம். காலையில் இரண்டு இட்லி, மதியம் கைப்பிடிச் சோறு, இரவில் கோதுமை ரவை உப்புமா, விடிகாலையில் நடை. ரத்தம் கொடுக்கிற அன்று வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்துவிடும். ஆனால் அதே ரத்தத்தில் இன்னொரு பரிசோதனையும் ஓடிக்கொண்டிருக்கும். ஹெச்பிஏ1சி. ஜனங்கள் பேச்சில் 'மூணு மாசச் சுகர்'. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் ஏறி ஒட்டிக்கொண்ட சர்க்கரை ஒரு வாரப் பத்தியத்தில் இறங்காது. அது 9.4 என்று வந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களாகச் சர்க்கரை சராசரியாக 220-ஐத் தாண்டி நின்றிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டு எண்களையும் முதலில் சேர்த்துப் பார்ப்பவர், மதுரையில் ஒரு தனியார் சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஆலோசகர். நர்சிங் படித்தவர், வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தவர். அடையாள அட்டையில் 'டயாபடீஸ் எஜுகேட்டர்' என்று இருக்கும். நோயாளிகளுக்கு அவர் எப்போதும் 'சிஸ்டர்'தான். லேபுக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. மேஜையில் பிளாஸ்டிக்கில் செய்த இட்லி, தோசை, சோற்றுக் கிண்ணம். பழைய இன்சுலின் பேனா ஒன்று. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழை. ஒரு டிஷ்யூ பெட்டி. முதல் மூன்றும் மருத்துவமனை வாங்கிக் கொடுத்தவை. டிஷ்யூ பெட்டி அவர் சொந்தச் செலவு.

9.4 காட்டியவரிடம் "ஏன் இப்படி ஏமாத்துறீங்க?" என்று அவர் கேட்பதில்லை. ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போன வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டு இருந்திருக்கீங்கபோல. யாருக்குப் பயந்துங்கய்யா?" என்பார். பதிலில் டாக்டர் அபூர்வமாகத்தான் வருவார். வெளியே உட்கார்ந்திருக்கும் மகள் வருவாள். "உங்கப்பா மாதிரியே போயிராதீங்க" என்று தினமும் சொல்லும் மனைவி வருவார். சிலருக்கு, டயாலிசிஸ் படுக்கையில் கிடந்த அண்ணனின் முகம் வரும்.

கேஸ் ஷீட்டில் 'சொல்பேச்சு கேட்பதில்லை' என்ற அர்த்தத்தில் எழுதப்படும் ஆட்கள்தான் பெரும்பாலும் அவரிடம் அனுப்பப்படுகிறார்கள். மாத்திரை ஒழுங்காகப் போடாதவர், இன்சுலின் வேண்டாம் என்று எழுந்து போனவர், வருடக்கணக்கில் டெஸ்டே எடுக்காதவர். இத்தனை வருடத்தில் அவர் வந்தடைந்த முடிவு ஒன்றுதான்: பிடிவாதம், அலட்சியம், சோம்பல் என்று எழுதப்படுவதில் பெரும்பங்கு பயம். அந்தப் பயம் எதைப் பற்றியது என்று தெரியாமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், வீட்டில் போடாத மாத்திரைகள்தான் சேரும்.

மனதுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், 17-ஆம் நூற்றாண்டிலேயே நீண்ட துயரம் இந்த நோயைக் கொண்டுவரும் என்று எழுதினார். துயரம் மட்டுமே சர்க்கரை நோயை உண்டாக்கிவிடும் என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை. ஆனால் மனம் பதறும்போது அட்ரினலினும் கார்ட்டிசாலும் கூடும், அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, நாட்டிலேயே அது முன்னோடி. இன்று ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி (2023) இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். மருந்துக் கடைகளும் லேபுகளும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்கான நாற்காலி அந்த வேகத்தில் பெருகவில்லை.

பயங்களில் முதலிடம் ஊசிக்கு.

பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம் பார்க்கும் ஓர் அம்மா, ஐம்பதைக் கடந்தவர். மூன்று வகை மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் இன்சுலின் எழுதினார். அந்தச் சீட்டு மருந்துக் கடைக்குப் போகவே இல்லை. அடுத்த முறை வந்தபோது சிஸ்டர் அறைக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்னார்: "எங்க அண்ணனுக்கு ஊசி போட்டாங்க. கால் போச்சு. அப்புறம் ஆளே போயிட்டாரு. நான் மாத்திரையிலயே இருந்துக்கிறேம்மா."

இது முட்டாள்தனமான பேச்சில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். நம் ஊரில் பல வீடுகளில் இன்சுலின் வந்து சேர்ந்த நேரமே கடைசி நேரம். பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரையை ஏற விட்டு, நரம்பு மரத்து, கால் புண்ணாகி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் ஊசி ஆரம்பிக்கப்பட்டது. வீட்டார் கண்ணுக்கு வரிசை எப்படித் தெரியும்? முதலில் ஊசி, பிறகு கால், பிறகு சாவு. முன்னால் வந்தது பின்னால் வந்ததற்குக் காரணமாகிவிட்டது.

சிஸ்டர் அந்த வரிசையைத் திருப்பிச் சொல்வதிலிருந்துதான் தொடங்குவார். "அண்ணனுக்குச் சுகர் வந்து எத்தனை வருஷம்மா ஊசி இல்லாம இருந்தார்?" "கால்ல புண்ணு எப்ப வந்துச்சு, ஊசிக்கு முன்னயா, பின்னயா?" அந்த அம்மாவே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். புண் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஊசி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த கேள்வி வந்தது: "ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?"

இதற்கு மழுப்பலான பதில் கூடாது என்பது அவர் கட்சி. சிலருக்கு நிறுத்தலாம், அறுவைச் சிகிச்சை, கர்ப்பகாலம், கடும் தொற்று என்று தற்காலிகமாகப் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. பலருக்கு முடியாது. டைப் 2 கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரப்பு ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்பது பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு காட்டிய கணக்கு. அதற்குப் பிறகும் அது வருடா வருடம் குறையும். இன்சுலின் தேவைப்படுவது ஒருவர் நாக்கைக் கட்டவில்லை என்பதற்கான தண்டனை ஆகாது. சிஸ்டர் இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் தோள் கொஞ்சம் தளரும். 'ஒழுங்கா இல்லேன்னா ஊசிதான்' என்று அவர்களை ஏற்கெனவே யாராவது மிரட்டியிருப்பார்கள். அந்த மிரட்டலைக் கேட்டவருக்கு ஊசி எப்படி மருந்தாகத் தோன்றும்?

வலி கடைசியில்தான் வரும். பேனாவில் பொருத்தும் ஊசி இப்போது 4 மில்லிமீட்டர் நீளம்தான். மருந்து இல்லாத பேனாவில் அதைப் பொருத்தி, முதலில் தன் வயிற்றில் குத்திக் காட்டுவார். பிறகு புது ஊசி மாற்றிப் பேனாவை அந்த அம்மாவிடம் கொடுத்தார். குத்திக்கொண்டவர், "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்றார். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. விடிகாலை மூன்று மணிக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர் எப்போது சாப்பிடுவார், எப்போது ஊசி போடுவார், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே என்ன செய்வார்? டாக்டரிடம் பேசி, தினமும் இரவு ஒரே நேரத்தில் ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலினாக மாற்றினார்கள். மருந்தை வைக்க, ஈர மணலில் உட்கார வைத்த மண்பானை. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குப்பி மில்லிக்கு 40 யூனிட், பேனா மருந்து 100 யூனிட், ஒன்றின் சிரிஞ்சை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தாளில் படம் போட்டுக் கொடுத்தார். இப்படிச் சில்லறை விஷயங்கள் தீர்ந்த பிறகுதான் பெரிய பயம் முழுதாக விலகும் என்பது அவர் அனுபவம்.

ஊசிப் பயம் வெளியே தெரியும். 'லோ சுகர்' பயம் ஒளிந்திருக்கும்.

டவுன் பஸ் ஓட்டுநர் ஒருவர். மாத்திரை எல்லாம் சரியாகப் போடுவதாகச் சொல்வார்; சர்க்கரை 300-க்குக் குறையாது. "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் 'போடுறேன்' என்றுதான் சொல்வார்கள் என்று சிஸ்டருக்குத் தெரியும். அவர் கேட்கும் விதம் வேறு: "வேலை நெருக்கடியில வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போகுதுண்ணே?" விட்டுப்போவது சகஜம்தான் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஓட்டுநர் தயங்கிவிட்டுச் சொன்னார்: ஒரு மாத்திரையை மட்டும் பல மாதமாகத் தொடவே இல்லை. ஒருநாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போய், மாட்டுத்தாவணியில் வண்டியை நிறுத்தும் நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டியில் அறுபது பேர். "நம்மால ஒரு உசுரு போயிருந்தா?" அன்றிலிருந்து அவர் அந்த மாத்திரையை விட்டுவிட்டார், போதாக்குறைக்கு வண்டி எடுக்கும் முன் இரண்டு பன்னும் இனிப்பு டீயும்.

அவர் விட்டது கிளிமிபிரைடு. கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு தவறினால் சர்க்கரையை இறக்கிவிடக்கூடியது. கூடவே இருந்த மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. ஆக, ஆபத்தான மாத்திரையைத் தானே கண்டுபிடித்து நிறுத்தியிருக்கிறார் அந்த ஓட்டுநர். அவருடைய கணிப்பு சரி. யாரிடமும் சொல்லாததுதான் சிக்கல். சொன்னால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற இன்னொரு பயம். டாக்டர் அந்த மாத்திரைக்குப் பதிலாக, லோ சுகர் அபாயம் குறைந்த கிளிப்டின் வகைக்கு மாற்றினார். பன்னும் டீயும் தானாக நின்றன.

இந்தப் பயத்தில் உடம்பும் மனமும் ஒரே வேஷம் போடும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது படபடப்பு, வியர்வை, நடுக்கம் வரக் காரணம் அட்ரினலின். மனப்பதற்றம் உச்சத்துக்குப் போகும்போது வரும் படபடப்புக்கும் அதே அட்ரினலின்தான். உள்ளிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நீண்ட காலம் 300-இல் பழகிய உடம்போ 110-க்கு இறங்கினாலே 'லோ' ஆகிவிட்டதுபோல் அலறும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், சிகிச்சை நன்றாக வேலை செய்கிற அந்த முதல் சில வாரங்களிலேயே நோயாளி மருந்தை விட்டுவிடுவார். சிஸ்டர் சொல்வது எளிய நடைமுறை. மீட்டர் பக்கத்தில் இருந்தால் முதலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம். தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் யோசிக்காமல் குளுக்கோஸ் குடியுங்கள். 110 காட்டினால் உட்கார்ந்து மூச்சு விடுங்கள், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், அடங்கிவிடும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருப்பதே பாதி மருந்து என்று ஓட்டுநர்களிடமும் இரவுக் காவலாளிகளிடமும் சொல்வார்.

மருந்தை விடுபவர்களுக்கு நேர் எதிர் முனையில் இருப்பவர், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். கையில் நீளமான கணக்கு நோட்டு. நூறுக்குள் நீலம், நூற்று நாற்பதுக்கு மேல் சிவப்பு. ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒன்பது முறை குத்திக்கொள்வார். விரல் நுனிகள் கறுத்துக் காய்ப்பேறியிருந்தன. அவருடைய சந்தேகம்: "இதே மீட்டர், இதே விரல், அஞ்சு நிமிஷத்துக்குள்ள 142, 151, 137. எதை நம்புறது?"

எதை வேண்டுமானாலும் நம்பலாம், மூன்றும் ஒன்றுதான். குளுக்கோமீட்டருக்கான உலகத் தர விதியே, லேப் அளவிலிருந்து 15 சதவீதம் ஏறியோ இறங்கியோ காட்டலாம் என்று அனுமதிக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் இன்னும் கூடுதலாகக் காட்டும். இன்னொரு விஷயம் அவரை வாட்டியது. இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவருக்குக் காலையில் 160. "தூக்கத்துல நானே எந்திரிச்சுச் சாப்பிடுறேனோன்னு இவளைக் கேக்குறேன் சிஸ்டர்." விடிகாலையில் உடம்பு விழித்தெழத் தயாராகும்போது கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து விடுகிறது. நல்ல உடம்பில் இன்சுலின் அதை ஈடுகட்டிவிடும், இவருக்கு முடியவில்லை. யாரும் திருடித் தின்னவில்லை.

அவர் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நோட்டு தொடங்கிய தேதி, தம்பிக்கு முதல் டயாலிசிஸ் ஆன வாரம். இப்படிப்பட்டவரிடம் 'டெஸ்ட் பண்ணாதீங்க' என்றால் பயம் கூடும். சிஸ்டர் நோட்டைப் பிடுங்கவில்லை; கட்டம் மாற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலைப் பலகாரத்துக்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும். ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு வரி. இப்போது எண்ணுக்கு ஒரு பயன் கிடைத்தது: இடியாப்பத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, அடைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். தம்பியின் நோய் தனக்கும் வருமா என்ற கேள்விக்கு, சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று பதில். அந்த டெஸ்ட் அவருக்கு இயல்பாகவே வந்தது. குத்துவது ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. மெல்ல மெல்ல இறங்கியது.

இந்த மாதிரிச் சுமையை அளக்க ஒரு கருவி வேண்டும் என்று முனைந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கி. பாஸ்டனின் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் அவரும் சகாக்களும் 1995-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் 20 கேள்விகள். மொத்த மதிப்பெண் நூறு. 40-ஐத் தொட்டாலே கவனம் தேவை. பத்து வருடம் கழித்து வந்த இன்னொன்றில் 17 கேள்விகள். அது சுமையை நான்காகப் பிரிக்கிறது: நோயே தரும் மனச்சோர்வு, மருத்துவரோடு உள்ள உறவில் வரும் குறை, அன்றாடப் பத்தியமும் மருந்தும் தரும் அலுப்பு, வீட்டாரோடும் நண்பர்களோடும் வரும் உரசல். இந்தியாவும் சேர்ந்த 17 நாடுகளில் நடந்த டான் 2 ஆய்வில், கேள்விக்கு உட்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 45 பேர் அளவில் இந்தச் சுமையைச் சொன்னார்கள்.

சிஸ்டர் தாளை முதலில் நீட்டுவதில்லை. படிவம் என்றாலே நம் ஆட்களுக்குக் கையெழுத்துப் பயம். நான்கு வகையையும் அவர் நான்கு வீட்டுக் கேள்விகளாக ஆக்கி வைத்திருக்கிறார். "சுகர்ல உங்களுக்கு ரொம்ப எரிச்சலா இருக்கிறது எது?" "இங்க வந்து சொல்லணும்னு நெனச்சுச் சொல்லாமப் போனது ஏதாவது இருக்கா?" "இதுல எதை விட்டுத் தொலைக்கலாம்னு தோணுது?" "வீட்ல யாரு என்ன சொன்னா கோவம் வருது?" கடைசிக் கேள்விக்குத்தான் அறை நிறையப் பதில் வரும்.

வீட்டின் அக்கறை காவலாக மாறுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த ஜாங்கிரியை மகன் எல்லோர் முன்னாலும் எடுத்துவிடுவான். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு கடையில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி நின்றுகொண்டே தின்பார். பெண்களின் கதை வேறு. கணவனின் சர்க்கரைக்கு மனைவி தனியாகச் சப்பாத்தி இடுவார். மனைவியின் சர்க்கரைக்கு யாரும் எதுவும் இடுவதில்லை. மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதே என்று கடைசியில் சாப்பிடுகிறவர், நடைப்பயிற்சிக்கு நேரம் கேட்டால் 'வீட்டு வேலையே பயிற்சிதானே' என்ற பதிலைக் கேட்டு வந்திருப்பார். அவர்கள் அழும்போது சிஸ்டர் அவசரப்பட்டுத் தேற்றுவதில்லை. டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

எல்லாவற்றிலும் கனமானது டைப் 1 வந்த பிள்ளைகளின் தாய்மார் கேட்பது. "நான் மாசமா இருக்கும்போது நிறைய இனிப்புச் சாப்பிட்டேன், அதனாலயா?" இல்லை. டைப் 1-இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. தாய் தின்ற இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பதிலை ஒரே தாய்க்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும். கல்லூரி விடுதியில் இருக்கும் மகளோ, அறைத் தோழிகளுக்குத் தெரியக் கூடாது என்று மதிய ஊசியை விடுவாள். வரன் பார்க்கும் பேச்சு தொடங்கினால் காலை ஊசியும் ஒளியும். டைப் 1-இல் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இதில் மட்டும் சிஸ்டர் குரலை உயர்த்துவார். உயர்த்திவிட்டு, எந்தத் தோழியிடம் சொல்லலாம் என்று அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து யோசிப்பார். ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டும். இரவில் லோ ஆனால் எழுப்பிக் குளுக்கோஸ் கொடுக்க ஆள் வேண்டுமே.

சுமை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. சர்க்கரையால் வரும் அலுப்பு, சர்க்கரையைப் பற்றிய பேச்சால் குறையும். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, பசி போய், வாரக்கணக்கில் ஒருவர் அப்படியே இருந்தால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய நோய். சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அதைக் கண்டுபிடிக்கும், ஒன்பது கேள்விகள் கொண்ட தாளான பிஹெச்க்யூ-9, சென்னை மக்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று புதிதாகச் சேரும் நர்சுகள் பயப்படுவார்கள். நேரடியாகக் கேட்பதால் அப்படி நடப்பதில்லை; கேட்கப்பட்டவர்களுக்கு ஆறுதலே கிடைக்கும் என்று சிஸ்டர் அவர்களுக்குச் சொல்வார். கால் விரல் எடுக்கப்பட்ட ஒரு தறி நெசவாளர், "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சிஸ்டர் பேச்சை மாற்றவில்லை. நேராகக் கேட்டார், 'ஆமாம்' என்று பதில் வந்தது. அன்றே மனைவியை உள்ளே அழைத்து, மனநல மருத்துவரின் அறைவரை கூடவே நடந்து போனார். வீட்டில் இன்சுலினும் மாத்திரைகளும் இனி மனைவியின் பொறுப்பில் என்று ஏற்பாடானது. 14416 என்ற டெலி-மானஸ் எண் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதப்பட்டது; எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்படி உட்கார்ந்து பேசுவதால் சர்க்கரை குறையுமா என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், லேப் டெஸ்டுக்குக் கட்டணம் உண்டு, பேச்சுக்கு ரசீது இல்லை. அதற்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் நான்கு சர்க்கரை நோய் மையங்களில், மனச்சோர்வோடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கட்டுப்படாமலும் இருந்த 404 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பகுதிக்கு, மருத்துவர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அடிக்கடி பேசி, மனநிலையையும் மருந்தையும் பின்தொடர்ந்து, நிபுணர்களோடு கலந்து சிகிச்சையைத் திருத்தச் செய்தார். இண்டிபெண்டன்ட் என்று பெயரிட்ட அந்த ஆய்வின் முடிவு 2020-இல் 'ஜாமா' இதழில் வந்தது. இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதிக்குப் பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் குறைந்தவர்கள் முதல் பகுதியில் 57.4 சதவீதம், இரண்டாம் பகுதியில் 71.6 சதவீதம். அந்த ஒருங்கிணைப்பாளர்கள் பார்த்த வேலை தன் வேலைதான் என்று சிஸ்டருக்குப் படித்ததுமே தெரிந்தது. தாளைப் பிரதியெடுத்து நிர்வாகத்துக்கு ஒன்று கொடுத்தார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். மாத்திரை தீர்ந்ததா, மிஞ்சுகிறதா என்று டப்பாவைப் பார்த்தே சொல்லக்கூடியவர். அப்படி வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வழி கேட்டு வரும்போது சிஸ்டர் சொல்வது சில விஷயங்கள். மிஞ்சிய மாத்திரையைக் கண்டால் திட்டாதீர்கள். எந்த மாத்திரை மிஞ்சுகிறது என்று பாருங்கள். அந்த வீட்டில் இதற்கு முன் யாருக்குச் சுகர் இருந்தது, அவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். தலைவலி, அசதி என்று ஓயாமல் சொல்பவரிடம் தூக்கம் எப்படி என்று கேளுங்கள். ஆவாரம்பூக் கஷாயம், வெந்தயத் தண்ணி என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்தாமல் குடிக்கட்டும்.

அண்மையில் அவர் கோப்பில் இருந்த ஒருவர், கண் பரிசோதனையை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தவர். கணினியில் தட்டெழுத்து வேலை பார்ப்பவர். மற்ற டெஸ்ட் எல்லாம் எடுப்பார். கண் என்றால் மட்டும் அடுத்த மாதம். எழுத்து லேசாக மங்குகிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. "பார்த்தா ஏதாவது இருக்குன்னு சொல்லிருவாங்க சிஸ்டர். பார்க்காதவரைக்கும் ஒண்ணும் இல்லைதானே?" விழித்திரை பாதிப்பை ஆரம்பத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைக் காப்பாற்றுகின்றன, பார்வை போன பிறகு வந்தால் செய்யக்கூடியது குறைவு. இதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கினார். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்துத் தெரியாது, அது மருந்தால்தான், பயந்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார். பைக்கில் போகக் கூடாது. தம்பியைக் கூட்டிப் போக வேண்டும். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டைத் தனியாகப் பிரிக்காமல் நேரே இங்கே கொண்டுவந்தால், சேர்ந்து படிக்கலாம். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, சிஸ்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.